முகத்தில் எழுதியிருக்கிறதா குணம்?

தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலில் 68 சமூகங்கள் உள்ளன. அவற்றில் சிலவற்றின் பெயரோடு சேலம் சமவெளியின் ஊர்ப்பெயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ஆத்தூர் கீழ்நாட்டுக் குறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் குறவர், சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர். ஆத்தூரை அடுத்த கெங்கவல்லி இன்று தனி வட்டம். முன்பு ஆத்தூர் வட்டத்தோடு சேர்ந்திருந்த நிலம். சுவேத நதிக்கும் பச்சைமலைக்கும் நடுவே தலைமுறை தலைமுறையாக நடமாடிய மனிதர்களையும் சேர்த்துத்தான் இந்தப் பெயர்கள் குறிக்கின்றன. சீர்மரபினர் என்று இன்று மரியாதையாக அழைக்கப்படும் இவர்களுக்கு 1947-க்கு முன் அரசு வைத்திருந்த பெயர் குற்றப் பரம்பரை. முகத்தையும் உடலசைவையும் பார்த்து ஒருவரின் குணவகையைச் சொல்லிவிடலாம் என்கிற நம்பிக்கை இப்போது மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளிலும் யூடியூப் காணொளிகளிலும் புதுச் சரக்காக விற்கப்படுகிறது. அதைப் பற்றிப் பேச இந்தப் பட்டியலிலிருந்து தொடங்குவதே முறை என்று நினைக்கிறேன். அந்த நம்பிக்கை அரசாங்க அதிகாரத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மண் ஏற்கெனவே அனுபவித்து முடித்திருக்கிறது.

குறவர்களில் பலர் கடற்கரை உப்பையும் உள்நாட்டுத் தானியத்தையும் பொதிமாட்டிலும் கழுதையிலும் ஏற்றி ஊர் ஊராகப் போய் விற்றவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரயில் வந்தது. உப்பின் மீதான அரசுப் பிடியும் இறுகியது. பொதி வணிகம் படுத்தது. பிழைப்பு போன பிறகும் இடம்விட்டு இடம் நகர்ந்துகொண்டிருந்த இந்த மக்கள் காவல்துறையின் கண்ணுக்குச் சந்தேகத்துக்குரியவர்களாகத் தெரிந்தார்கள். 1892-இல் முல்லாலி என்ற காவல் அதிகாரி சென்னை மாகாணத்தின் 'குற்ற வகுப்பினர்' பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். 1905-இல் காவல்துறையைச் சேர்ந்த பாபாராவ் நாயுடு குறவர்களைப் பற்றியே தனி நூல் எழுதினார். உடை எப்படி, நகை எப்படி, பேச்சு எப்படி, வேடம் எப்படி என்று ஆளைப் பார்த்தவுடன் இனம் கண்டுகொள்ளக் காவலருக்குக் கற்பிப்பது இத்தகைய நூல்களின் நோக்கம். அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவிகளால் அளந்துகொண்டிருந்தார். காவலருக்கும் அந்த அளவைக் கலையைக் கற்றுக்கொடுத்தார். இம்மக்களைப் பற்றி ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளை இன்றும் நூலகங்களில் பார்க்கலாம். 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் மீது பதிவும் கைரேகையும் ஆஜர் கணக்கும் விழுந்தன. அவர் எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. இன்ன சமூகத்தில் பிறந்தவர் என்று தெரிந்தாலே போதுமானதாக இருந்தது.

இதற்கு அறிவியல் சாயம் பூசியவை அக்காலத்து ஐரோப்பிய ஆய்வுகள். இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876-இல் எழுதிய நூலில், பிறவிக் குற்றவாளிக்குத் தாடையும் காதும் நெற்றியும் தனி மாதிரி இருக்கும் என்றார். அதை உடைத்தவர்களும் அந்த நம்பிக்கைக்கு அருகில் இருந்தவர்களே. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் 1870-களின் கடைசியில் குற்றவாளிகளின் புகைப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துக் 'குற்றவாளி முகம்' எப்படி இருக்கும் என்று பார்க்க முயன்றார். தனித்தனியாகக் கொடூரமாகத் தெரிந்த முகங்கள் ஒன்று சேர்ந்ததும் கொடூரம் கரைந்துபோய், சாதாரண மனித முகம் ஒன்று எஞ்சியது. அதே கால்ட்டன் கைரேகையில் இனமோ குணமோ தெரியும் என்று எதிர்பார்த்தார். அதுவும் கிடைக்கவில்லை என்று 1892-இல் எழுதினார். இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, லொம்ப்ரோசோ சொன்ன குற்றவாளி உடல்வகை என்று ஒன்று இல்லை என்று 1913-இல் அறிவித்தார். காலத்தைக் கவனியுங்கள்: இங்கே 1911-இல் சட்டம் விரிகிறது, 1913-இல் அங்கே அதன் அடிப்படை உடைகிறது, சட்டமோ சென்னை மாகாணத்தில் 1947 வரையும் நாடு முழுவதும் 1952 வரையும் நின்றது. அறிவியல் கைவிட்ட பிறகும் நிர்வாகம் அதைக் கைவிடவில்லை. கைரேகையை வைத்து இவர்தான் அவர் என்று சொல்ல முடியும். இவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டை உணர்ந்திருந்தாலே பாதித் துன்பம் நேர்ந்திருக்காது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மண்டையை அளந்தது பழைய கதை. இன்று பேசப்படுவது முகபாவமும் கையசைவும் நிற்கும் விதமும்தானே, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பலாமா என்பது அது. நியாயமான கேள்விதான். எலும்பு மாறாது, பாவம் கணத்துக்குக் கணம் மாறும். ஆனால் அந்த மாற்றமே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. கணத்துக்குக் கணம் மாறுவது அந்தக் கணத்தைப் பற்றித்தான் சொல்லும். ஒருவர் இப்போது எரிச்சலாக இருக்கிறார் என்பது ஓரளவு தெரியலாம். அவர் எரிச்சல்காரர் என்பது அதிலிருந்து வராது. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவும் இடத்தில்தான் தர்ஸ்டன் காலத்துக் கருவியும் இன்றைய உடல்மொழிப் பயிற்சியாளரும் சந்திக்கிறார்கள். குணவகை என்பதே ஆட்டம் காணும் கருத்து என்பது தனிக் கதை. மனிதரைப் பதினாறு குணவகையாகப் பிரிக்கும் பிரபலமான கேள்வித்தாளைச் சில வாரம் கழித்து மறுபடி நிரப்பினால் கணிசமானோர் வேறு வகைக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தத் தாவலைத் தமிழ் மரபு செய்யவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறது. அழுகைக்குச் சொல்லப்பட்டவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. அழும் முகத்தில் புருவம் எப்படி வளையும், உதடு எப்படிக் கோணும் என்ற விவரம் அந்தப் பகுப்பில் இல்லை. கண்ணீரைப் பார்த்தவன் அடுத்துக் கேட்க வேண்டியது, இது இழப்பா, அவமானமா, இல்லாமையா என்பது. அதற்கு விடை முகத்தில் கிடைக்காது, சூழலில்தான் கிடைக்கும். 1978-இல் உளவியலாளர்கள் எக்மனும் ஃபிரீசனும் முகத் தசைகளின் அசைவுகளுக்கு எண்ணிட்டுப் பெரிய பட்டியல் தயாரித்தார்கள். அது பயனுள்ள வேலை, சந்தேகமில்லை. ஆனால் தசையிலிருந்து தொடங்குவதை விடக் காரணத்திலிருந்து தொடங்குவதே சரியான திசை என்று இப்போதுதான் உளவியலில் ஒரு பெரிய பிரிவினர் வாதாடுகிறார்கள். தொல்காப்பியர் எல்லாவற்றையும் முன்பே கண்டுவிட்டார் என்று மார் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் எழுதியது செய்யுளுக்கான இலக்கணம். ஆனாலும் திசை கவனிக்கத் தக்கது.

வள்ளுவரிடம் இன்னும் தெளிவாக இருக்கிறது. குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள், பொருட்பாலில் 71, இன்பத்துப்பாலில் 110. அடுத்ததைப் பளிங்கு காட்டுவதுபோல் நெஞ்சின் மிகுதியை முகம் காட்டிவிடும் என்பது அவர் கருத்து. முகம் பார்ப்போர் எல்லோரும் மேற்கோள் காட்டும் இடமும் அதுவே. ஆனால் அந்த அதிகாரம் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். மன்னரைச் சேர்ந்து ஒழுகுவதற்கும் அவையை அறிவதற்கும் நடுவில் அது நிற்கிறது. அரசனின் அருகே நாள்தோறும் நிற்கும் அமைச்சன், நன்கு பழகிய ஒரு முகத்தில் அந்த நேரத்து விருப்பையும் வெறுப்பையும் அறிவதே அங்கே பொருள். ஒருவரை நம்பி வேலையில் அமர்த்தலாமா என்ற கேள்வி வரும்போது வள்ளுவர் வேறு அதிகாரத்துக்குப் போய்விடுகிறார். தெரிந்து தெளிதலில் பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் நீட்டும் உரைகல் அவரவர் செய்த செயல். உருவத்தைக் கண்டு இகழாதே என்பதும், தொழுத கைக்குள்ளும் படை ஒளிந்திருக்கும், பகைவரின் கண்ணீரும் அப்படியே என்பதும் அவர் வேறு இடங்களில் தரும் எச்சரிக்கைகள். மனநிலைக்கு முகம், குணத்துக்குச் செயல் என்று இரண்டு சோதனைகளை அவர் பிரித்து வைத்திருக்கிறார். முதல் சோதனையை மட்டும் உருவி இரண்டாவதன் வேலைக்கு அனுப்புவது நம் காலத்துக் குழப்பம்.

அப்படியானால் உடலின் அமைப்பைப் பார்த்துக் குணமும் பலனும் சொல்லும் சாமுத்திரிகா லட்சணம் நம் மரபில்லையா என்று கேட்கலாம். அதுவும் இங்கே புழங்கியதுதான், மறுப்பதற்கில்லை. மரபு என்பது ஒரே குரல் கொண்டதல்ல. ஆனால் அதை நடைமுறையில் எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு மாட்டுச் சந்தை நல்ல சான்று. கெங்கவல்லிப் பக்கத்து வீரகனூர் போன்ற சந்தைகளில் மாடு பிடிக்க வருகிறவர் மாட்டின் மயிர்ச்சுழி பார்ப்பார். இராஜசுழி என்றால் முகம் மலரும், பாடைச்சுழி என்றால் கையை விட்டுவிடுவார். ஆனால் சுழி நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. வாயைப் பிளந்து பல் பார்க்கிறார்கள், நடக்க விட்டுப் பார்க்கிறார்கள், கறவையென்றால் மடியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பல்லுக்கும் வயதுக்கும் உடலியல் தொடர்பு உண்டு. சுழிக்கும் உழவுக்கும் இல்லை.  மாட்டுக்குக் காட்டும் இந்த விவேகத்தை மனிதருக்கு நேர்காணல் நடத்தும்போது காணோம். அங்கே சுழியோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது.

முகத்துக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போட நமக்குப் பழக்கியதில் கூத்துக்கும் சினிமாவுக்கும் பெரிய பங்குண்டு. தெருக்கூத்தில் வேடம் திரை விலகி வரும்போதே முகவண்ணமும் மீசையும் யார் என்று சொல்லிவிடும். சொல்லியாக வேண்டும், விடிய விடியப் பார்க்கும் கூட்டத்துக்கு அது தேவை. சினிமா அந்த வேலையை முகபாவத்திடம் ஒப்படைத்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் எடுத்த 'மந்திரி குமாரி'யில் எம். என். நம்பியார் ராஜகுரு, சூழ்ச்சியின் உருவம். அதே ஆண்டு அதே நிறுவனம் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் அதே நம்பியார் பல வேடங்கள் போட்டு வந்து குற்றத்தைத் துப்பறியும் நாயகன். புருவமும் ஒன்று, கண்ணும் ஒன்று, கதை வேறு. பிறகு அரை நூற்றாண்டு தமிழ்நாடு அவரை வில்லனாகவே பார்த்தது, அவர் வாழ்ந்ததோ மது தொடாத, சபரிமலைக்கு ஆண்டுதோறும் பலரை அழைத்துச் சென்ற குருசாமியாக. நடிப்பு என்ற தொழிலே இருப்பது, முகத்தை விருப்பப்படி அமைத்துக்கொள்ள மனிதரால் முடியும் என்பதற்குச் சான்று. ஏமாற்ற நினைப்பவர் அதை நடிகரை விடக் கூர்மையாகக் கற்றிருப்பார்.

இனி ஆய்வகங்களுக்கு வருவோம். உளவியலாளர்கள் வில்லிஸ், டொடோரோவ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத ஒரு முகத்தை 100 மில்லிவினாடி, அதாவது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே மக்கள் 'நம்பத் தக்கவர்', 'திறமையானவர்' என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். அவகாசம் கொடுத்தபோதும் தீர்ப்பு பெரிதாக மாறவில்லை; உறுதிதான் கூடியது. இப்படிப்பட்ட தீர்ப்புகளில் ஆளுக்கு ஆள் ஒற்றுமையும் நிறைய உண்டு. முகம் பார்ப்பவர்களுக்கு இந்த ஒற்றுமையே பெரிய ஆதாரமாகத் தோன்றும்: எல்லோருக்கும் ஒன்றுபோலவே தெரிகிறதே, அப்புறம் எப்படிப் பொய்யாகும்? ஆனால் எல்லோரும் ஒத்துப்போவது வேறு, அது உண்மையாக இருப்பது வேறு. குறவரைப் பற்றி மாகாணக் காவல்துறையில் எல்லோரும்தான் ஒத்துப்போனார்கள். பொய்யைக் கண்டுபிடிக்கும் திறமையைச் சோதித்த ஏராளமான ஆய்வுகளைத் திரட்டி பாண்டும் டிபௌலோவும் 2006-இல் கணக்குப் பார்த்தபோது சராசரி வெற்றி 54 விழுக்காடு; நாணயத்தைச் சுண்டினால் 50 கிடைக்கும். லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் நான்கு அறிஞர்களும் 2019-இல் செய்த மதிப்பாய்வின்படி, கோபத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பது ஏறத்தாழ 30 விழுக்காடு வேளைகளில்தான். மற்ற வேளைகளில் அவர்கள் சிரிக்கவும் அழவும் பேசாமல் இருக்கவும் செய்கிறார்கள். கோபம் இல்லாதவர்களும் யோசனையில் ஆழ்ந்தால் முகம் சுளிக்கிறார்கள். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தைக் குறிகளைப் பார்த்து ஆபத்தானவரை இனம் காண ஒரு திட்டம் நடந்தது. 2007 முதல் சுமார் 90 கோடி டாலர் செலவான பிறகு, இதற்குப் போதிய ஆதாரம் இல்லை, நிதியைக் கட்டுப்படுத்துங்கள் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே 2013-இல் எழுதியது.

எதிர்த்தரப்பில் கனமான ஒரு சான்றும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. இந்தியாவில் பிறந்த உளவியலாளர் நளினி அம்பாடி, ராபர்ட் ரோசன்தாலுடன் சேர்ந்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆசிரியர்கள் வகுப்பெடுக்கும் காட்சியை ஒலி இல்லாமல் 30 வினாடிக்கு மேற்படாத துணுக்காக முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டினார்கள். அவர்கள் கொடுத்த மதிப்பீடு, பருவ முடிவில் மாணவர்கள் கொடுத்த மதிப்பீட்டோடு நன்றாகவே ஒத்துப்போனது. கலகலப்பாகப் பழகும் இயல்பையும் குறுகிய நேரத்தில் ஓரளவு சரியாக ஊகிக்க முடிகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. இவற்றை நான் ஏற்கிறேன். ஆனால் கலகலப்பு என்பதே வெளியில் தெரியும் நடத்தை. பேச்சையும் சிரிப்பையும் பார்த்துக் கலகலப்பை அறிவது மழையைப் பார்த்து மழை என்பதைப் போன்றது. மாணவர் மதிப்பீடும் ஆசிரியர் ஏற்படுத்திய எண்ணத்தின் அளவு. எண்ணத்தை எண்ணம் முன்னறிவித்ததில் வியப்பில்லை. நாணயம், பொறுப்பு, விடாமுயற்சி என்று வேலை கொடுப்பவருக்கும் பெண் கொடுப்பவருக்கும் உண்மையில் வேண்டியவை ஓர் அறைக்குள் அரை மணி நேரத்தில் நடப்பவை அல்ல. அவை நாள்பட நடப்பவை. அனுபவசாலியான மருத்துவர் நோயாளியின் முகத்திலேயே நோயைக் காண்கிறாரே என்றால், அவர் பார்ப்பதற்கு உடலில் காரணம் இருக்கிறது, கணிப்புத் தவறினால் பரிசோதனை அறிக்கை அவரைத் திருத்திவிடுகிறது. நேர்காணல் நடத்துபவர் நிராகரித்த ஆள் வேறெங்கோ நன்றாக வேலை செய்வது அவர் காதுக்கு வருவதே இல்லை. தவறைச் சொல்ல யாரும் இல்லாத அனுபவம் எத்தனை ஆண்டு நீண்டாலும் தன்னம்பிக்கையைத்தான் வளர்க்கும்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது. பெரியவர் முன்னால் தோளில் இருக்கும் துண்டை இடுப்புக்கு இறக்கி, கைகட்டி, தலை தாழ்த்தி நிற்கப் பல தலைமுறை பழக்கப்படுத்தப்பட்ட உடல்கள் இந்தச் சமவெளியில் இருக்கின்றன. சாதியும் கூலியும் அதிகாரமும் செதுக்கிய நிலை அது. அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரியாக வரும் பிள்ளை, நாமக்கல்லிலோ சேலத்திலோ பொறியியல் முடித்துவிட்டு வளாக நேர்காணலில் உட்கார்ந்து, மேசைக்கு அப்பால் இருப்பவரின் கண்ணை நேராகப் பார்க்காமல் பேசினால், தாளில் 'தன்னம்பிக்கை குறைவு' என்று விழுகிறது. வீட்டில் அதற்குப் பெயர் மரியாதை. நேர்காணல் நடத்துபவர் படித்தது அந்தப் பிள்ளையின் குணத்தையா, ஊரின் வரலாற்றையா? இதற்கு மருந்தாகப் பயிற்சி வகுப்புகளில் ஓதப்படும் மந்திரம், தகவலில் 55 விழுக்காடு உடல்மொழி, 38 குரல், வெறும் 7 சொல் என்பது. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் தனிச் சொற்களை வைத்து, சொல்லும் தொனியும் முகமும் முரண்படும்போது விருப்பு வெறுப்பை எது காட்டுகிறது என்று பார்த்த சோதனைகளிலிருந்து பிய்த்து எடுத்த கணக்கு அது. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஏழு விழுக்காடு சொல்லால் பாடம் நடத்த முடியுமானால் அந்தப் பயிற்சியாளர் வாய் திறக்காமலே வகுப்பை முடித்திருக்கலாம்.

மனிதக் கண் தவறினால் இயந்திரம் பார்க்கட்டுமே என்பது கடைசி மறுப்பு. ஷாங்காய் ஆய்வாளர்கள் இருவர் 2016-இல் 1,856 புகைப்படங்களைக் கணினிக்குக் கொடுத்து, குற்றவாளியை முகத்தால் பிரித்துவிட்டோம் என்றார்கள். அந்தப் படங்களைக் கூர்ந்து பார்த்த டொடோரோவ் உள்ளிட்ட விமர்சகர்கள், கணினி கண்டுகொண்டது பெரும்பாலும் யார் இலேசாகப் புன்னகைக்கிறார், யார் இல்லை என்பதைத்தான் என்று காட்டினார்கள். லொம்ப்ரோசோ நூற்றுநாற்பது ஆண்டு கழித்து மின்சாரத்தில் ஓடினார், அவ்வளவுதான். இத்தகைய இயந்திரம் பெரும்பாலும் மனிதர்கள் ஒட்டிய பெயர்ச்சீட்டுகளைப் படித்துத்தான் கற்கிறது. சீட்டில் இருக்கும் முன்முடிவு விடையிலும் வரும். காணொளி நேர்காணல் நடத்தும் ஹயர்வியூ நிறுவனம் முகப் பகுப்பாய்வைக் கைவிட்டதாக 2021-இல் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் உணர்ச்சியை ஊகிக்கும் தன் சேவையை 2022-இல் நிறுத்தத் தொடங்கியது. அதே 2021-இல் இலக்னோ காவல்துறை, பெண்களின் முகத்தில் துன்பக் குறியைக் கண்டால் எச்சரிக்கும் கேமராக்களைத் தெருவில் வைக்கப்போவதாக அறிவித்தது. துன்பக் குறி என்று எதைக் கேமரா எடுத்துக்கொள்ளும்? வெயிலில் நடந்து வரும் பெண்ணின் முகத்தையா, வீட்டுக் கணக்கை மனதில் போட்டபடி வருபவளின் முகத்தையா?

சட்டத்தில் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. நாடித்துடிப்பையும் மூச்சையும் அளந்து பொய்யைக் காண்பதாகச் சொல்லும் கருவியை ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவர் மீது பயன்படுத்தக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் அது குற்ற விசாரணைக்கு உள்ளாவோருக்குக் கிடைத்த காப்பு. வேலை கேட்டு வரும் இளைஞருக்கு அது நீளவில்லை. பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவம், பாதுகாப்புத் தேவைகளைத் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்திருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு தடை இல்லை. அது வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. சேலம், நாமக்கல் கல்லூரிகளின் மாதிரி நேர்காணல் தாள்களில் 'உடல்மொழி' என்றொரு கட்டமும் அதற்கு மதிப்பெண்ணும் இருந்தால், அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, மாணவர் செய்த ஒரு வேலையை மேசைமேல் வைக்கச் சொல்லிப் பார்க்கலாம். அதற்கு அரசாணை தேவையில்லை. துறைத்தலைவரின் ஒரு கையெழுத்துப் போதும்.